தொடையில் ஊசி, காலில் வைத்தியம்

"தொடையில ஊசி குத்தித்தான் காலைச் சரி பண்ணுவாங்களாமே, நெசமாக்கா?"

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருந்தவர் கேட்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். காலில் ரத்தக்குழாய் அடைத்து, கட்டைவிரல் கறுத்துவிட்டதாம். மறுநாள் ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுக்கிறார்கள். அவருக்கு எதிர்ப்பக்கச் சீட்டில் இருந்த ஓர் அம்மாவுக்குப் போன வருஷம் அதே வைத்தியம் நடந்திருந்தது. லாரிக்காரரின் மனைவி என் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"நெசந்தான் தம்பி. மெல்லிசா ஒரு குழாய உள்ள வுட்டு, அடைப்பு இருக்கற எடத்துல பலூன் ஊதி விரிப்பாங்க."

"மயக்கம் குடுப்பாங்களா?"

"எனக்குக் குடுக்கல. குத்துற எடம் மட்டும் மரத்துப் போச்சு. முழிச்சிக்கிட்டுதான் கெடந்தேன். மருந்து ஏத்துறப்ப கால் சுட்டுச்சு. அப்பறம் காலை மடக்காம நீட்டிப் படுக்கச் சொன்னாங்க."

"விரலை எடுத்துருவாங்களா?"

"அத டாக்டருதான் சொல்லணும். கூச்சப்படாம கேட்டுருங்க."

லாரிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முழிச்சிருக்கறப்ப அழுவ வந்துட்டா என்னக்கா பண்றது? அத்தன பேரு நிப்பாங்களே."

"நான் அழுவுனேன் தம்பி. ஒரு நர்ஸு வந்து கையப் புடிச்சிக்கிச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல."

தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த அவர் மனைவி, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அழுவ வந்தா அழுவுங்க மாமா. நான் கதவுக்கு வெளியதான் ஒக்காந்திருப்பேன்."