சொல்லுக்குச் சொல்

வங்காளம் எனக்குத் தமிழைப் போலவே வரும். தாத்தா காலத்திலேயே இந்த வங்காளத்து டாக்குரியாவில் குடியேறிய குடும்பம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கலியனின் இசைத்தட்டை மறுபடி வெளியிடப் போகிறேன், அவனைத் தெரிந்தவர்களைத் தேடுகிறேன் என்று இத்தனை வருஷம் கழித்து வந்து நிற்கிறீர்களே, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலியன் கும்பகோணம் பக்கத்துப் பையன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் கிளார்க். குடியிருந்தது எங்கள் தெருவில் ஒரு மாடியறை. கித்தாரையும் உறுமியையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு, தானே எழுதி, தானே பாடி, எழுபத்திரண்டாம் வருஷத் துர்கா பூஜைக்கு ஒரு எல்.பி. கொண்டுவந்தான். நானும் சின்ன வயசிலிருந்து பாடுகிறவன்தான். என் குரலை எந்தக் கம்பெனியும் கேட்டதில்லை. கம்பெனிக்காரர்களின் காது எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் சபாவில் விஜயதசமிக் கச்சேரி வருஷா வருஷம் என்னுடையது. அந்த வருஷம் காரியதரிசி பாலசுப்ரமணியன், "யூத்துக்கும் ஒரு சான்ஸ் கொடுக்கணுமோல்லியோ வைத்தீஸ்வரன்?" என்றார். தாராளமாகக் கலியனுக்கே கொடுங்கள் என்றேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். கச்சேரிக்கும் ஒப்பாரிக்கும் வித்தியாசம் தெரியாத சபாவின் மேல் பரிதாபம்தான் வந்தது.

ஆமாம், ஒப்பாரிதான். அந்தத் தட்டில் எல்லோரும் கொண்டாடிய பாட்டு அது. எங்கள் பேட்டையில் தீபு என்றொரு பையன் இருந்தான். முந்தின வருஷக் கலவரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போலீஸ்காரர்கள் அவனைச் சுட்டுவிட்டார்கள். அவன் அங்கே வருவதை யார் காட்டிக்கொடுத்தது என்று பேட்டையே தேடிக்கொண்டிருந்தது. கலியனுக்குக் கித்தார் சொல்லிக்கொடுத்தவன் இந்தத் தீபுதான். தட்டு வந்த அன்று எனக்கொன்று கொடுத்துவிட்டு, என் முன்னால் உட்கார்ந்து அழுதான் கலியன்.

"கித்தார்ல கம்பி அறுந்துபோச்சு சார். போய் வாங்கியாடான்னு நான்தான் அவன அனுப்பிவுட்டேன். இல்லன்னா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்."

பூஜைப் பந்தலில் நாள் முழுக்க அதே பாட்டு. வங்காளிகளுக்குத் தீபு என்ற பெயரைத் தவிர ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். புரியாத பாட்டைப் புகழ்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அஷ்டமியன்று தீபுவின் அண்ணன் மோண்டு என்னிடம் வந்து, "மானே கீ, தாதா?" என்றான். அர்த்தம் என்ன அண்ணா என்று கேட்கிறான். பெரியவன், விவரம் தெரிந்தவன் என்று நம்பிக் கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியுமா?

"பாவி நான்தானே கொன்னேன் தீபு, பாதகன் நான்தானே அனுப்பிவச்சேன்." இதை அப்படியே, சொல்லுக்குச் சொல், வங்காளத்தில் சொன்னேன். எங்கள் பூர்வீகமும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். அங்கே சாவு வீட்டில் மாரடித்துக்கொண்டு, பழியையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டுதான் அழுவார்கள். அதில் கொலையும் கிடையாது, துரோகமும் கிடையாது. ஆனால் மோண்டு அதைக் கேட்கவில்லையே. கேட்காததைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். இன்னொரு முறை சொல்லுங்கள் என்றான். சொன்னேன்.

மறுநாள் காலை கலியனை அடித்து இழுத்துக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பயத்தில் அவனுக்கு இருந்த அரைகுறை வங்காளமும் மறந்துபோயிருந்தது. என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"எளவு வீட்டுல நாங்க இப்படித்தான் அழுவோம்னு சொல்லுங்க சார். அவன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரின்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே சார்."

என்ன சொல்கிறான் என்று மோண்டு கேட்டான். பதில் சொன்னேன். கலியனைத் தண்டவாளத்துப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே என்ன நடந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை. ரத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கச்சேரி ஒரு வாரம் தள்ளிப்போய் என்னிடமே திரும்பி வந்தது. பாடுவதற்கு முன் அந்தப் பையன் கலியனுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று சொன்னதும் நான்தான். அன்று குரல் நன்றாகவே இருந்தது என்றார்கள்.

கலியன் கெஞ்சியபோது கதவுக்குப் பின்னால் என் மனைவி சாவித்திரி நின்றிருந்தாள். அவளுக்கு இரண்டு பாஷையும் தெரியும். அன்றிலிருந்து என்னோடு எந்தப் பாஷையிலும் பேசுவதில்லை. பெண்களுக்குச் சின்ன விஷயம்கூடப் பெரிதாகத் தெரியும்.

மோண்டுவுக்கு என்ன பதில் சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? கலியன் பேசியது நீளம். மோண்டுவுக்குப் பொறுமை இல்லை. அதனால் சுருக்கி, "ஆமாம், நான்தான் கொன்றேன் என்கிறான்" என்றேன். மற்றபடி அந்தப் பாட்டில் நான் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை.