ஞாயிற்றுக்கிழமை படகு ஓடாது

விசாரணைக்கு வருகிறவனை இருத்துகிற இந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டை, ஐயா. ஒரு காகித மட்டையை மடித்துக் கீழே வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். அரசாங்கக் கந்தோர்களில் அதைச் செய்ய ஒருவருக்கும் கை வராது. என் கந்தோரில் இப்படி ஒன்றையும் நான் விட்டுவைத்ததில்லை.

கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். உட்துறைமுகத்தில் படகுத்தொழில் செய்கிறவர்களில் ஒழுங்கு தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எஞ்சினுக்குக் கண்ணூறு கழியத் தேசிக்காய் வெட்டுவார்கள், சனிக்கிழமை குடிப்பார்கள், ஞாயிறு காலையில் கண் சிவக்க வந்து வெள்ளைக்காரருக்குத் திமிங்கிலம் காட்டப் போவார்கள். எங்கள் சபை மட்டும் என்ன வாழ்ந்தது? ஆராதனை முடியுமுன் கடிகாரத்தைப் பார்த்துக் கடை திறக்க ஓடுகிற விசுவாசிகள். நான் காலையில் வேதம் வாசிக்காமல் ஒரு நங்கூரமும் தூக்கவிட்டதில்லை. தொழில் தொடங்கிய நாளே கர்த்தருக்கு ஒரு பொருத்தனை செய்தேன்: ஞாயிற்றுக்கிழமை என் படகு ஓடாது. அதைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். சனிக்கிழமை பொழுதுபட்டதும் படகுகளைப் பூட்டித் திறப்புக் கொத்தை என் கையில் வாங்கிக்கொள்வேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் இன்றைக்கும் ஓட்டைப் படகில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள்.

சசிகரனை நான்தான் ஆளாக்கினேன். சம்பூரான், இடம்பெயர்ந்து வந்த குடும்பம். என்னிடம் கயிறு பிடிக்க வந்து, படகோட்டப் பழகி, பிறகு சொந்தமாக ஒரு சின்னப் படகு வாங்கினான். எஞ்சின் வாங்க வக்கில்லை. என் எஞ்சினை வாடகைக்குக் கொடுத்தேன். அன்பின் நிமித்தம் கொடுத்தது. அதை வைத்து அவன் என்ன செய்தான்? என் படகு நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், என் பலகைக்குக் கீழேயே நின்று, என்னைத் தேடி வருகிற ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றினான். ஞாயிறு அவனோடு போனவர்கள் திங்களும் அவனைத்தான் தேடினார்கள். சிரித்துச் சிரித்துக் கதைப்பான். சனத்துக்கு அது போதும். நான் கோபப்படவில்லை. அவனுக்காக ஜெபித்தேன்.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு, பேய்க்காற்று. ஆட்கள் வரமாட்டார்கள் என்று அவன் தனியாக, ஊர் திரும்பியிருந்த தாயைப் பார்க்கச் சம்பூருக்குப் புறப்பட்டான். ஓய்வுநாளின் அருமை தெரியாதவனுக்குக் காற்றின் அருமை மட்டும் எப்படித் தெரியும்? கொட்டியாரக் குடாவில் படகு கவிழ்ந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவனைக் கரையில் நின்றவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அந்தக் கடலைத் தாங்கக்கூடிய படகு கிட்டத்தில் என்னுடைய பெரிய படகு ஒன்றுதான்.

அவனுடைய மனைவி நிரோஜினி சபை வாசலுக்கு ஓடி வந்தாள். கூடவே என் படகோட்டி றுவைஸ், கிண்ணியாக்காரன். ஆராதனை நடக்கிற இடத்தில் செருப்போடு நின்று குழறி அழுவது ஒழுங்கா என்று உங்களிடமே கேட்கிறேன். கடற்படைக்கு அறிவித்தாயிற்று, அவர்கள் சுற்றி வர நேரமாகும், உங்கள் படகு பக்கத்தில் நிற்கிறது என்றாள். இன்றைக்கு என்ன நாள் என்று அமைதியாகக் கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை.

றுவைஸ்தான் கதைத்தான்.

"முதலாளி, திறப்பைத் தாங்கோ. நீங்கள் வர வேண்டாம், நான் போறன். பாவம் எண்டா அது என்ர தலையில விழட்டும்."

பாவத்தை அப்படிக் கைமாற்ற ஏலாது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை படகு ஓடாது. உனக்குத் தெரியும்தானே," என்றேன்.

உள்ளே போய்க் கடைசிப் பாட்டை முழுவதும் பாடினேன். சபையார் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது உங்களிடம் வந்து கண்ணீர் விடுகிறவர்களில் ஒருவராவது அன்று எழும்பி வாய் திறந்தார்களா? இல்லை. அந்தச் சபைக்குக் கூரை போட்டுக் கொடுத்தது நான்.

கடற்படை போய்ச் சேர்ந்தபோது வெறும் படகுதான் மிதந்தது. அவனை அடுத்த நாள் மூதூர்க் கரையில் எடுத்தார்கள். திறப்பைக் கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான், அது எனக்கு அப்போதே தெரியும். பழி தீர்த்தாயா என்கிறீர்கள். பழிவாங்குதல் கர்த்தருக்குரியது, ஐயா. நான் திறப்பை வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் எங்கே போனாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. காற்று விழுந்ததும் பெரிய படகை எடுத்துக்கொண்டு குடாவுக்குப் போனேன். றுவைஸ் வரமாட்டேன் என்றுவிட்டான், தனியாகத்தான் போனேன். கவிழ்ந்து கிடந்த படகில் கயிறு கட்டி இழுத்து வந்து, எஞ்சினைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவினேன். உப்புத் தண்ணீரில் ஓர் இரவு கிடந்தால் எஞ்சின் முடிந்தது.

ஓம், ஞாயிற்றுக்கிழமைதான். கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கிவிடலாம் என்று வேதமே இடம் தருகிறது. நீங்கள் வேறு மார்க்கம், தெரிந்திருக்காது. ஆனால் தன்னுடைய மாடு என்றுதான் அங்கே இருக்கிறது, ஐயா. எஞ்சின் என்னுடையது. சசிகரன் என்னிடம் வேலையை விட்டுப் போய்க் கனநாள்.