வெண்கலக் குடும்பத்துக்கு ஓர் அறை

கூச்சலிடும் கூட்டத்தையும் குறுநகையால் அல்ல, ஒரே ஒரு முறைப்பால் அடக்கும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் அருள்மேரி அம்மையார் அவர்களே. செம்பாக்கம் ஏரிக்கரைக் கொசுக்களுக்கும் செவிசாய்க்காமல் அமர்ந்திருக்கும் சான்றோர் பெருமக்களே. சீரியலைத் துறந்து, சீலை மடிப்புக் கலையாமல் வந்திருக்கும் தாய்மார்களே. முதல் வரிசையில் அமர்ந்து, நான் எப்போது உளறுவேன் என்று காத்திருக்கும் என் இல்லத்தரசி ஜெயசீலியே. உங்கள் அனைவருக்கும் மூன்றாம் மாடி ஜெபகுமாரின் முதற்கண் வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. தரைத்தளத்தில் காலியாகக் கிடக்கிறதே சங்கத்தின் அறை, அது. செயலாளர் ஏசுபாதம் அங்கே டேபிள் டென்னிஸ் மேசை போட வேண்டும் என்கிறார். நான் என் சிலைகளை வைக்க வேண்டும் என்கிறேன். கை தூக்கி நீங்கள்தான் முடிவு சொல்லப் போகிறீர்கள்.

ஏன் இந்த அவசரம்? என் மகள் பிளஸ்ஸி பிரசவத்துக்கு வருகிறாள். எங்கள் வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் நாங்கள். மற்றொன்றில் பதினோரு பேர். அத்தனை பேரும் வெண்கலம். உலகம் போற்றும் சிலைகளின் நகல்கள். மோவாயைக் கைமேல் ஊன்றி யோசிக்கும் மனிதர், வட்டெறிய வளைந்து நிற்கும் வாலிபர், இரு கையும் இழந்தும் கர்வம் இழக்காத கிரேக்க மங்கை, தண்ணி லாரி ஏன் வரவில்லை என்று கேட்பவளைப் போல இடுப்பில் கை வைத்து நிற்கும் மொகஞ்சதாரோ நடனப் பெண், கவணைத் தோளில் போட்ட தாவீது ராஜா. "பிளஸ்ஸி வந்தா இதெல்லாம் வெளிய" என்று ஜெயசீலி சொல்லிவிட்டாள். வெளியே என்றால் எங்கே? இரும்புலியூரில் பழைய பாத்திரம் வாங்கும் உமேஷ் தராசோடு காத்திருக்கிறார். யோசிக்கும் மனிதரை உருக்கிக் குத்துவிளக்காக்குவதா? தாவீது ராஜா தண்ணீர்க் குழாயாவதா?

என்ன அங்கே சிரிப்பு? "அதுக்கெல்லாம் துணியே இல்லியாமே சார்" என்கிறார் பின்வரிசை நண்பர் எழில். உண்மைதான் ஐயா. அந்தக் கதையையும் கேளுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம். எங்கள் சபையார் ஹாலில் பாடிவிட்டுப் போகிறவர்கள் அல்லர். அறை அறையாக வந்து ஆசீர்வதிப்பவர்கள். என் சிலைகளின் மேல் பச்சை படர்ந்த ஒரு பழமை நிறம் இருந்தது. வார்த்தவர் மருந்து பூசி, தீயில் வாட்டி வரவழைத்த நிறம். அந்த நிறத்துக்காகவே ஆசைப்பட்டு வாங்கினேன். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் அகராதியில் அதற்கு என்ன பெயர்? களிம்பு. வருகிறவர்கள், "இந்த வீட்ல எதையும் வெளக்கறதே இல்ல" என்று சொல்லிவிட்டால் குடும்ப மானம் என்னாவது? நான் ராஜகீழ்ப்பாக்கம் போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள், ஜெயசீலி பதினோரு பேரையும் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, பால்கனி வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டாள். பார்த்தேன்; பையோடு தரையில் உட்கார்ந்தேன். "பளிச்சுன்னு இருக்குல்ல?" என்றாள். "ஆமாம்" என்றேன். இல்லறம் எனக்குக் கற்றுத்தந்த ஒரே சொல் அது.

பிறகு கிரேக்க மங்கைக்குப் பழைய பாவாடையும் தாவீது ராஜாவுக்கு டர்க்கி டவலும் கட்டினாள். மாலையில் சபையாரோடு வந்த நம் குடியிருப்பு ரோஸி அக்கா அந்த அறையில் கண்மூடி உருகி ஜெபித்துக்கொண்டிருந்தபோது மின்விசிறி தன் வேலையைக் காட்டியது. டவல் விழுந்தது. அக்கா கண் திறந்தார், பார்த்தார், மறுபடியும் மூடிக்கொண்டார். ஜெபம் முடிந்ததும் மெல்லக் கேட்டார்: "ஏன் ஜெயசீலி, ராஜாவுக்கு ஒரு ஜட்டி கூடவா கெடைக்கல?"

இத்தனை பாடுபட்ட என் பதினோரு பேருக்கு இங்கே இடம் இல்லையா? மாமல்லபுரம் போய்ச் சிலையோடு செல்பி எடுக்கும் கைகளே, ஒருமுறை எனக்காக உயரக்கூடாதா? தரணி போற்றும் கலை நம் தரைத்தளத்தில் தங்கக்கூடாதா? பந்து இன்று துள்ளும், நாளை தொலையும், வெண்கலம் தொலையுமா? உயர்த்துங்கள், உங்கள் கைகளை உயர்த்துங்கள்!

உயர்கின்றன, உயர்கின்றன. ரோஸி அக்காவுமா? நன்றி அக்கா. தலைவர் எண்ணத் தொடங்கிவிட்டார். ஜெயசீலி, நீ ஏன் தூக்கவில்லை? என்ன சொல்கிறாய்?

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இங்க வெச்சா ராத்திரி பூட்டிட்டுப் போயிடுவாங்க. பாவம், தனியா கெடக்கும். வீட்லயே இருக்கட்டும். நம்ம ரூமை பிளஸ்ஸிக்குக் குடுத்துட்டு நாம ஹால்ல படுத்துக்கலாம்."

பொறுங்கள். கொஞ்சம் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன்.

அன்பர்களே, கைகளை இறக்குங்கள். ஏசுபாதம் சார், உங்கள் மேசையைத் தாராளமாகப் போடுங்கள். ஊர் ஊராய் அலைந்து உலகத்துச் சிலைகளைச் சேர்த்தேன். அவற்றுக்காகப் பாவம் என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் கிடைப்பாள் என்று நினைக்கவே இல்லை. நெஞ்சு நிறைந்திருக்கிறது. செவிமடுத்த சான்றோருக்கும், கை தூக்கிய கருணை உள்ளங்களுக்கும் என் நன்றி. தூக்காத அந்த ஒரு கைக்கு என் தனி வணக்கம்.