மஞ்சள் வட்டத்தில் பதினாறு அடிகள்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பயிற்சி மையத் தளபதி அவர்களே, அவருக்குப் பக்கத்தில் இருக்கும் அதிகாரிகளே, இன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கிய பழைய பயிற்சி வீரர்களே, அண்ணி, பாப்பா, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்தக் கூடத்தில் நான் மேடையேறிப் பேசியது கிடையாது. நடுவில் இரண்டு வருடம் போக, பத்தொன்பது வருடமாக மேடைக்கு எதிர்ப்பக்கம், இசைக்குழுவோடு நின்றே பழகியவன். தளபதிகள் பேசும்போது, இவர் எப்போது முடிப்பார், நாம் எப்போது ஆரம்பிப்பது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலையாக இருந்தது. இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மெச்சிப் பேசுவான் என்று நினைத்து அழைத்திருப்பீர்கள். மெச்சுவேன். ஆனால் அதோடு முடித்துக்கொள்ள மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? நம் இசைக்குழுத் தலைவருக்காக. ஆவணங்களில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் ‘இன்னொருதரம் மாஸ்டர்’. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அவர் வாயிலிருந்து வரும் ஒரே பாராட்டு, “ம்ம். இன்னொரு தரம்.” கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அவர் அண்ணன். அவருடைய உதவியாளன் நான்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்படையில் சேருகிறவர்கள் எல்லோரும் முதல் ஒன்பது வாரம் இங்கேதான் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அதில் சில பேரை முதல் வாரமே நாங்கள் பொறுக்கிவிடுவோம். வாத்தியம் தெரிந்தவர்கள் இசைக்குழுவுக்கு. உயரமானவர்கள் கொடி அணிக்கு. கையில் லாவகம் உள்ளவர்கள் துப்பாக்கி சுழற்றும் அணிக்கு. மற்றவர்கள் ஓடுகிற ஓட்டமெல்லாம் இவர்களும் ஓட வேண்டும். அதற்கு மேல் எங்களிடமும் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிரிவு பயிற்சி முடித்து இந்தக் கூடத்திலிருந்து வெளியேறும். அவர்கள் வெளியேற இவர்கள் வாசிப்பார்கள்.

கடற்படைதான், ஆனால் கடல் இங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரம். தரையைத் தளம் என்போம், சமையலறையைக் கப்பல் அடுக்களை என்போம், மழை பெய்து கூடத்துக்குள் தண்ணீர் வந்தால் கடல் வந்துவிட்டது என்று சிரிப்போம். இந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. அந்தப் பெரிய ஷட்டர் கதவு வெள்ளிக்கிழமை மட்டும்தான் தூக்கப்படும், அதுவும் வெளியேறுகிறவர்களுக்காக. கதவுக்கு எதிர் மூலையில், அதோ, தரையில் ஒரு மஞ்சள் வட்டம் தெரிகிறதா? இசைக்குழுத் தலைவர் நிற்க வேண்டிய இடம் அது. வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம். நடுவில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்குப் பெயின்ட் நிற்பதே இல்லை, தேய்ந்துவிடும். இருபத்திரண்டு வருடம் ஒரு மனிதர் அங்கே நின்றிருக்கிறார்.

அவருடைய சேவைக்கு ஒரு சாட்சி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. எழுந்திருக்க வேண்டாம், மேடம். உங்களை நாங்கள் ‘அலமாரி’ என்று கூப்பிட்டோம் என்பதை உங்கள் கப்பலில் யாருக்கும் சொல்ல மாட்டோம். இவர் பயிற்சிக்கு வந்த இரண்டாவது வாரம், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, விடாததால் வாத்தியங்கள் வைக்கும் அலமாரி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அதிகாரிகள் கத்தினார்கள். நான் கதவை உடைக்க ஆள் தேடினேன். அண்ணன் என்ன செய்தார்? ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதவோரம் உட்கார்ந்தார். ஒத்திகைக்கு வெளியே எடுத்திருந்த ஏழு சைடு டிரம்மையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளேயிருந்து ஒரு குரல்.

“சார், நாலாவது கொஞ்சம் இறங்கியிருக்கு.”

“எனக்கு அப்படித் தெரியலையே.”

“இறங்கியிருக்கு, சார். நல்லா கேளுங்க.”

“எனக்கு வயசாகுதும்மா. நீயே வந்து சரி பண்ணிடு.”

தாழ்ப்பாள் திறந்தது. நாலாவது டிரம்மை அண்ணன்தான் வேண்டுமென்றே இறக்கி வைத்திருந்தார். இன்றைக்கு அந்தப் பெண் ஒரு கப்பலில் அதிகாரி. அடைத்துக்கொண்ட கதவை வெளியிலிருந்து திறக்கத் தெரிந்த மனிதர் அவர். அவருக்கு எந்தக் கதவு திறந்தது?

அவருடைய இன்னொரு வேலையைச் சொல்கிறேன். அவர் வருவதற்கு முன்னால் இசைக்குழுப் பிள்ளைகளுக்கு ஒரு குறை இருந்தது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அவர்களும் பயிற்சி முடிப்பார்கள். ஆனால் எல்லோரும் பெற்றோர் கண்முன்னால் மார்ச் செய்து வெளியே போக, இவர்கள் மூலையில் நின்று வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா கூட்டத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “எங்க புள்ள பாஸ் ஆகலையா?” என்று கேட்பார்கள். அண்ணன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் கைமாற்று. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இளைய குழு பின்னால் வந்து நிற்கும். டிரம்பெட் கைமாறும். சைடு டிரம் கைமாறும். கொடுத்தவர்கள் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொள்வார்கள். கடைசியில் ஒரு நேரம் வரும், எல்லா வாத்தியமும் கைமாறிக்கொண்டிருக்கும், ஒலியே இருக்காது. அப்போது இருநூறு பேரின் கால்களைத் தாங்கிப் பிடிப்பது பெரிய டிரம் ஒன்றுதான். அதை இசைக்குழுத் தலைவர் அந்த மஞ்சள் வட்டத்தில் நின்று தனியாக அடிக்க வேண்டும். பதினாறு அடி.

பதினாறு அடி பெரிய விஷயமா என்பீர்கள். இந்தக் கூடத்தில் பெரிய விஷயம்தான். ஒவ்வொரு அடியும் எதிர்ச்சுவரில் பட்டு அரை அடி தாமதமாகத் திரும்பி வரும். அதைக் காதில் வாங்கினால் கை பின்தங்கிவிடும், இருநூறு பேர் கால் பின்னிக்கொள்வார்கள். காதை மூடிக்கொண்டு கால்களை மட்டும் பார்த்து அடிக்க வேண்டும். இருநூற்றுச் சொச்சம் முறை அண்ணன் அந்தப் பதினாறை அடித்தார். ஒரு கால் பிசகியதில்லை. அந்தப் பதினாறில் எத்தனையோ பேர் கதவைத் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். பாட்டு முடிந்து ஷட்டர் இறங்கும்போது அவர் உள்ளே நிற்பார், கையில் டிரம்மோடு.

அவருக்கு இது பிடிக்காமலா போயிற்று என்று கேட்கலாம். பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் மாட்டிக்கொண்டார். ஆனால் அவர் கடற்படையில் சேர்ந்தது கப்பலுக்காக. கப்பல்களிலும் சிறிய இசைக்குழுக்கள் உண்டு. வருடா வருடம் ஜனவரியில் அவர் கப்பல் பணி கேட்டு மனு எழுதுவார். வருடா வருடம் ஒரே பதில் வரும்: இவர் இடத்தில் நிற்கத் தேர்வு பெற்ற ஆள் இல்லை, எனவே விடுவிக்க இயலாது.

அந்த ஆளாக யார் இருக்க முடியும்? உதவியாளன்தான். நான்தான்.

நான் அந்தத் தேர்வை மூன்று முறை எழுதினேன். எழுதுவது என்றால், மூன்று அதிகாரிகள் முன்னால் ஒரு கைமாற்றை நடத்திக் காட்ட வேண்டும். மூன்று முறையும் பதினொன்றாவது அடியில் பிசகினேன். ‘தகுதி பெறவில்லை’ என்று மூன்று முறையும் எழுதினார்கள். அது உங்களில் பலருக்குத் தெரியும். பாவம், நல்லவன், கை மட்டும் வராது என்று என் தோளைத் தட்டியிருக்கிறீர்கள்.

என் கை வரும். முதல் வருடமே வந்துவிட்டது.

அண்ணி, இதை உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பத்து நாளில் மூன்று முறை வாசல் வரை வந்து செருப்பைக் கழற்றாமலே திரும்பினேன். மூன்று பேர் முன்னால் செய்த தப்பை முந்நூறு பேர் முன்னால் சொல்வதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. தளபதி அவர்களே, இதற்கு என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுங்கள்.

ஏன் செய்தேன்? தேறியிருந்தால் அந்த வட்டத்தில் நான் நின்றிருப்பேன். உதவியாளனுக்கு இடமாற்றம் உண்டு, தலைவனுக்குக் கிடையாது. முதல் முறை, எனக்குக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பிசகினேன். அடுத்த வருடமே கப்பலுக்குப் போனேன், இரண்டு வருடம் இருந்தேன். அவர் போக வேண்டிய கடலுக்கு நான் போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

“படுத்திருக்கும்போது இன்ஜின் சத்தம் என்ன தாளத்துல வரும், தம்பி?”

“தாளமா? சும்மா தடதடன்னு வரும், அண்ணே.”

“சும்மா தடதடன்னு எதுவும் வராது. யோசிச்சுச் சொல்லு.”

இரண்டு வருடம் அதன்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவரை அனுப்பியிருந்தால் முதல் நாளே எண்ணியிருப்பார்.

இரண்டாவது முறை, என் மகனுக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு வேலை என்று ஏதோ சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறைக்குக் காரணமே இல்லை. பழகிவிட்டது. அப்போது அண்ணனுக்கு நாற்பத்து நான்கு வயது. நாற்பத்தைந்துக்கு மேல் கப்பல் கிடையாது. அது தெரிந்துதான் பதினொன்றாவது அடியைச் சுவருக்கு விட்டேன்.

அன்றைக்கு வாத்திய அறையில் அவர் டிரம்மின் பட்டையைத் தளர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“எதிரொலிக்கு ஏமாறுறவன் அஞ்சாவது அடிக்குள்ள ஏமாந்துருவான், தம்பி. பத்து அடி சரியா அடிச்சவன் பதினொண்ணுல ஏமாற மாட்டான்.”

எப்போதிலிருந்து தெரியும் என்றுகூடக் கேட்க முடியவில்லை. அவர் பட்டையைக் கட்டி முடித்தார். “சரி வா, பிள்ளைங்க நிக்கிறாங்க” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஒரே அறையில் டீ குடித்தோம். ஒரு முறை திட்டியிருந்தால்கூட நான் அடுத்த நாளே போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. அதில்தான் நான் சிக்கிக்கொண்டேன். அவர் கூடத்துக்குள், நான் அவருடைய மௌனத்துக்குள்.

வயது தாண்டிவிட்டது என்று கடிதம் வந்த அன்று, அதை நாலாக மடித்துக் குச்சிப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டாவது டிரம்பெட்டைப் பார்த்து, “இன்னொரு தரம்” என்றார்.

அண்ணன் மகள் பாப்பா சொன்னாள், ஒரே ஒரு தடவை குடும்பத்தோடு கடலுக்குப் போனார்களாம். கணுக்கால்வரை நனைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றாராம். “அலை ஒழுங்கா வரலை” என்றாராம். மறுநாள் ஒத்திகை என்று மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டார்கள். போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அணிவகுப்பை முடித்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அணிவகுப்பு இல்லாத நாளாகப் பார்த்துப் போயிருக்கிறார். யாருக்கும் தொந்தரவு இல்லை.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் ஒன்று சொல்வார்கள்: அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது. வேறு ஆள் இல்லாததால், தேர்வே இல்லாமல், நான் இசைக்குழுத் தலைவன். பத்தொன்பது வருடமாக எந்த வட்டத்தைக் கண்டு ஓடினேனோ அதிலேயே நிற்கப் போகிறேன். ஓய்வு பெற இன்னும் பதினொரு வருடம். பயமாக இருக்கிறது, ஒளிக்கவில்லை.

அதனால் என் உறுதிமொழி இரண்டே. ஒன்று, கைமாற்று நிற்காது. இந்த வெள்ளிக்கிழமை இசைக்குழுப் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அவர்களைத் தேட வேண்டியிருக்காது. இரண்டாவது, அடுத்த மாதம் எனக்கு உதவியாளராக வரும் கொடி அணிப் பயிற்சியாளர் அதோ நிற்கிறார். ஒரு நாள் அவர் தேர்வுக்கு நிற்பார். பதினொன்றாவது அடியில் அவர் பிசகினால் நான் சும்மா இருக்க மாட்டேன். அந்த இடத்திலேயே, அதிகாரிகள் முன்னால், வாய்விட்டுச் சொல்வேன். அண்ணனுடைய எல்லாவற்றையும் நான் பின்பற்றுவேன், அந்த மௌனத்தை மட்டும் பின்பற்ற மாட்டேன்.

தளபதி அவர்களே, தேர்வு இல்லாமல் கிடைத்த பதவி எனக்கு வேண்டாம். அந்தத் தேர்வை இப்போதே வையுங்கள். பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள். ஷட்டரைத் தூக்கச் சொல்லுங்கள். அவர்கள் நடக்கட்டும், நான் பெரிய டிரம்மை எடுத்துக்கொண்டு அந்த வட்டத்துக்குப் போகிறேன்.

இரங்கலுக்கு எழுந்து நிற்கும் வழக்கம் உண்டு. நிற்க வேண்டாம், உட்கார்ந்தே கேளுங்கள். அண்ணி, நீங்கள் மட்டும் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். பதினாறு வரை வாய்விட்டு எண்ணுங்கள்.