நாலே காலுக்கு நின்ற படம்

கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வாருங்கள். இது நம் டெரிக்கின் மச்சான் கிளெமென்றுக்கு நடந்தது. எனக்கு அவன்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

பின்னேரம் ஐந்தரை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை. ஒரு சனம் இல்லை… பிரேதத்தோடு எல்லாரும் மாதம்பிட்டி மயானத்துக்குப் போய்விட்டார்கள். தகரத்தில் மழை, சட சட சட. செத்தவீட்டுக்கு எதிர்வீட்டு மேல்மாடியில் கிளெமென்ற் மட்டும் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். சேர்ட்டில் இன்னும் மெழுகுதிரி மணம்.

செத்தவன் ரெனால்ட். இருபத்தாறு வயது, டெங்கு. தாய் கனடாவில்; விசா அலுவல் முடியாததால் வர வழியில்லை. பிள்ளையை நேரில் கண்டு ஒன்பது வருஷம். அந்த மனுசிக்கு மிஞ்சியிருந்தது செத்தவீட்டிலிருந்து கிளெமென்ற் அனுப்பும் லைவ் வீடியோ மட்டும்தான். வழக்கம் தெரியும்தானே, வெளிநாட்டுச் சொந்தக்காரர் முகம் பார்த்தாயிற்று என்று லைவ்காரன் சொன்னால்தான் இப்போதெல்லாம் சவப்பெட்டி மூடுவது.

காமெரா பெட்டியடியில். அங்கிருந்து படம் காற்றில் துண்டு துண்டாக மாடியிலிருக்கும் அவன் மடிக்கணினிக்கு வரும்; பிறகு கனடாவுக்குப் போகும். மழையும் சுவரும் சனமும் சில துண்டுகளை விழுங்கிவிடும். அதற்காகத்தான் கூடவே உதிரித் துண்டுகளும் அனுப்புவது; தொலைந்ததை அவற்றை வைத்து அந்த மடிக்கணினி சரிக்கட்டும். கிளெமென்ற் ஐயா பெரிய கெட்டிக்காரன் அல்லவா? உதிரியைக் குறைத்து அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டான். படம் பளிச்சென்று தெரிந்தால்தானே அடுத்த ஓடர் வரும்!

நாலே கால். கடைசி முத்தம் கொடுக்கச் சனம் நெருக்கியடித்தது, மழையும் கொட்டியது… படம் நின்றுவிட்டது. திரையில் யாரோ ஒருவரின் முதுகு.

போன் அடித்தது. ரெனால்டின் அக்கா கொன்ஸ்ரன்ஸ்.

“அம்மா முகம் பாத்திட்டாவோ? பாதர் அவசரப்படுத்திறார். மூடவோ?”

திருத்த ஐந்து நிமிஷம் போதும். ஆனால் பிழை தன்னுடையது என்று சொல்ல வேண்டும். அவனுக்கு வாய் வரவில்லை.

“ஓம் அக்கா, வடிவாப் பாத்திட்டா. மூடுங்கோ.”

நாசமாய்ப் போவான்.

இப்போது, ஐந்தரைக்கு, மறுபடி போன். கனடா நம்பர். தாய்தான்… அழுகைச் சத்தமே இல்லை.

“தம்பி, படம் நிண்டுபோச்சு. பிறகு வந்தது. பிள்ளையைக் கண்டனான்.”

கிளெமென்றுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப முகம் பாத்திட்டீங்கள்தானே அன்ரி…”

“மூடி வரேக்க வேண்டாம் வேண்டாம் எண்டு தலையாட்டினவன். அம்மா இன்னும் பாக்கேல்லை எண்டு அவனுக்குத் தெரியும். நீங்கள்தான் மூடச் சொன்னதெண்டு கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள். ஏன் ராசா அப்பிடிச் செய்தனீங்கள்?”

“அன்ரி… அது படத்தில பிழை. துண்டு தொலைஞ்சா அப்பிடித்தான் ஆடும்.”

“இல்லைத் தம்பி. இப்பவும் வருது… ஒரே இருட்டு. பலகை தெரியுது. இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் கிடக்கிறான்.”

காமெராவைக் கழற்றி ஒரு மணித்தியாலம். அது அவன் காலடியில், பைக்குள். பற்றரி அவனுடைய பொக்கற்றில். மடிக்கணினியை மட்டும்தான் இன்னும் அணைக்கவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

திரையில் வந்து சேர்ந்த துண்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது…

தொலைந்தவை: பூச்சியம். திருத்தியவை: பூச்சியம்.