ஒரு மாத்திரை குறைகிறது

எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் அந்தப் பருப்பு டப்பாவில் ஏழு மாதத்து மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. போலீஸ்காரர் நீங்கள் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்று குறைகிறது என்கிறீர்கள். குறையத்தான் செய்யும், சொல்கிறேன்.

என் கணவர் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடங்கள் தப்பித்தன, நான் மாட்டிக்கொண்டேன். முப்பத்தெட்டு வருடம் எனக்குத் தினமும் பரீட்சைதான். பால் பொங்கி வழிந்தால், "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" விருந்தாளி முன்னாலும் அதே கேள்வி.

போன வருடம் அவர் மூளையே தடுமாறியது. செருப்பைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தார். பகலெல்லாம் தூங்கினார். என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, ஆய்வாளர் பேந்தப் பேந்த விழித்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

டாக்டர் எனக்குப் பாடம் நடத்தினார். "மறதி நோய்ல பல வகை இருக்கும்மா. மூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கறது ஒண்ணு. ரத்தக்குழாய் அடைச்சுப் படிப்படியா இறங்கறது ஒண்ணு. இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரியறது இன்னொண்ணு. அதெல்லாம் திரும்பாது. இவருக்குத் தைராய்டு குறைஞ்சதால வந்தது. தினம் வெறும் வயித்துல ஒரு மாத்திரை. விட்டுட்டா உயிருக்கே ஆபத்து. ஒழுங்கா போட்டா பழைய மனுஷனா வந்துடுவார். நீங்க அதிர்ஷ்டசாலி."

பழைய மனுஷன் யாருக்கு வேண்டும் என்று அந்த மேதை கேட்கவே இல்லை.

மறந்துபோனவர் தங்கமான மனிதர். குடித்த டம்ளரைத் தானே கழுவினார். "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்பார். என்னை அப்படிக் கேட்க அதுவரை ஆளில்லை. காலையில் "மாத்திரை போட்டேனா?" என்பார். "போட்டாச்சு" என்பேன். வாரத்துக்கு இரண்டு நிமிடம் போனில் பாசம் காட்டும் மகளுக்கும் அதே பதில் போதுமானதாக இருந்தது.

ஏழாம் மாதம் முகம் வீங்கி உடம்பு சில்லிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் காலை மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நல்லா பாத்துக்கறீங்க. என் வீட்டுக்காரி ஒருத்தி இருக்கா. மூளையே கிடையாது."

எல்லாம் மறந்த மண்டையில் அது ஒன்று மட்டும் பத்திரமாக இருந்தது.

மாத்திரையை வாஷ்பேசினில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். அவருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்தினேன். டாக்டரைக் கூப்பிடவில்லை. நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

டப்பாவில் குறைவது அதுதான். பிரித்ததைத் திரும்ப அட்டையில் வைக்க முடியாதே. அந்த ஒன்றுதான் வீணாய்ப் போயிற்று. இன்னும் மனசு ஆறவில்லை.