ஒரே சுவரின் இரண்டு பக்கம்

மூலக்குளத்திலிருந்து பெரிய மார்க்கெட் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் நாற்பதைத் தாண்டிய இரண்டு தோழிகள்.

"நேத்து படிக்கும்போது பழக்கதோஷத்துல செவுத்தத் தட்டிட்டேன்டி ஜமீலா. பக்கத்து ஃப்ளாட்காரரு என்னாச்சும்மான்னு ஓடி வந்துட்டாரு."

ஜமீலா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"நெல்லித்தோப்பு ஞாபகமா செல்வி? ஸ்கூல் படிக்கறப்போ நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. ஒரு பாடம் முடிச்சா நீ தட்டுவ. எனக்கு வயிறு எரியும். நானும் முடிச்சிட்டுத்தான் திருப்பித் தட்டுவேன்."

"இப்போ தட்டுனா யாரு இருக்கா? புக்கத் தொறந்தாலே தூக்கம் வருது. இந்தப் பரிட்சையிலயும் கோட்டை விட்டா ப்ரமோஷன் அவ்ளோதான். கடைசி சான்ஸு."

"சாயங்காலம் எனக்குப் போனப் போட்டுப் பக்கத்துல வெச்சிக்க. பேசாத. பாடம் முடிஞ்சா மேசையத் தட்டு, நான் திருப்பித் தட்டறேன்."

"நீ என்னாத்தடி படிக்கப்போற?"

ஜன்னலில் நெல்லித்தோப்பின் வீடுகள் வந்தன, தோளோடு தோள் உரசி நின்றன, வெயிலோடு பின்னால் போயின. அவை மறையும்வரை பார்த்திருந்துவிட்டு ஜமீலா சொன்னாள்:

"துணி மடிப்பேன், காய் நறுக்குவேன். நீ தட்டறது நின்னதுலேருந்து, எத செஞ்சாலும் முடிச்ச மாதிரியே இல்லடி எனக்கு."